அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுப்போக்கு: மாத்திரை கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

அம்மாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. டிஸ்சார்ஜ் தாளில் தையல், குளியல், மறுபரிசோதனைத் தேதி எல்லாம் இருந்தன. பேதி வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. போனில் பேசிய ஒரு டாக்டர் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்றார். இன்னொருவர் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று பிற்பாடுதான் புரிந்தது. பேதி எதனால் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த மாத்திரை மருந்தாகவோ ஆபத்தாகவோ ஆகிறது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக, நாங்கள் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். பெரியவர்களுக்கு மட்டும்தான் இது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைக்கு பேதி என்றால் எந்த நிறுத்து மாத்திரையும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்த குழுவிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் மாத்திரை. கேட்பதற்கு முன் என்ன செய்வது, எப்படிக் கேட்பது, சரி என்றால் எப்படிக் கொடுப்பது என்பதுதான் இங்கே.

1. வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய பேதியா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைப் பெட்டியைத் திறக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

- 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், அல்லது குளிர் நடுக்கம்
- மலத்தில் ரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
- வயிறு உப்பி இறுகுவது, வலி கூடிக்கொண்டே போவது
- வாந்தி நிற்காமல் இருப்பது, வாயு பிரியாமல் இருப்பது
- ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, குழப்பமாகப் பேசுவது, படபடப்பு

காய்ச்சல் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் பெரும்பாலும் வலிக்காகப் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது காய்ச்சலையும் அமுக்கிவிடும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அளந்து பார்த்துவிட்டு “காய்ச்சல் இல்லை” என்று நிம்மதி அடையக் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் அளந்து பாருங்கள்.

வயிறு திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அடிக்கடி அவசரமாக வருகிறது, போனால் கொஞ்சமாகச் சளி போல மட்டும் போகிறது, போய் வந்த பிறகும் போக வேண்டும் போலவே இருக்கிறது என்றால், இடுப்புக்குழிக்குள் சீழ் கட்டி மலக்குடலை அழுத்திக்கொண்டிருக்கலாம். குடலைத் தைத்த இடம் கசிந்தாலும் தொடக்கத்தில் பேதியாகத் தெரியலாம். இவற்றை மாத்திரை குணப்படுத்தாது. கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்துவதுதான் அது செய்யக்கூடியது.

2. ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்

24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தளர்வாகப் போனால் அது வயிற்றுப்போக்கு. இரண்டு முறை இளகிப் போனதற்கு மாத்திரை தேவையில்லை. “நிறைய தடவை போகிறது” என்று போனில் சொன்னால் எந்த டாக்டராலும் முடிவெடுக்க முடியாது. அதனால் ஒரு தாளில் கோடு போட்டு நேரம், தண்ணீர் போலவா கூழ் போலவா, அளவு, நிறம், சிறுநீர், குடித்த அளவு, காய்ச்சல், கொடுத்த மருந்து என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியைத் தனியாகக் குறியுங்கள், அது முக்கியமான தகவல். வாயு பிரிகிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டு எழுதுங்கள்.

ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் போட்ட திறப்பு) பை வைத்திருப்பவர்களுக்கு எண்ணிக்கையை விட அளவுதான் முக்கியம். பையைக் காலி செய்யும்போது அளவுக்கோடு போட்ட குவளையில் ஊற்றி மில்லியில் எழுதுங்கள். சிறுகுடல் ஸ்டோமாவில் ஒரு நாளைக்கு 1,500 மில்லிக்கு மேல் போக ஆரம்பித்தால் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. பேதியை உண்டாக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கிறதா?

இந்தப் படியில்தான் எங்களுக்கு விடை கிடைத்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்குக் கொடுக்கும் டிராமடால், மார்பின் போன்ற மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கு ஈடாக லாக்டுலோஸ், பிசாகோடில், சென்னா, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்று ஏதாவது ஒரு மலமிளக்கியும் எழுதிக் கொடுப்பார்கள். வலி மாத்திரை சில நாளில் நின்றுவிடும். மலமிளக்கியை நிறுத்தச் சொல்ல மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. அம்மாவின் பட்டியலில் லாக்டுலோஸ் சிரப் கடைசி வரியில், ‘இரவு, 15 மி.லி.’ என்று இருந்தது. பெட்டியில் வேறு பெயர், தாளில் வேறு பெயர். அது வயிற்றை இளக்கும் மருந்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் இளக்கும் சிரப், மறுபக்கம் நிறுத்தும் மாத்திரை என்று இரண்டையும் ஒரே உடம்புக்குள் அனுப்பும் நிலை இப்படித்தான் வருகிறது.

அதனால் எல்லா மருந்துகளையும் மேசையில் பரப்பி வையுங்கள். பிராண்டு பெயரை விட்டுவிட்டு அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். மலமிளக்கிகள் தவிர, மெக்னீசியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்துகள், மெட்ஃபார்மின், கோல்சிசின், ஆன்டிபயாடிக்குகள், சார்பிட்டால் கலந்த சிரப்புகள் ஆகியவையும் பேதியை உண்டாக்கக்கூடியவை. மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு கொடுக்கிறீர்கள் என்றால் அதன் வேகமும் செறிவும்கூடக் காரணமாக இருக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், குறிப்பாக ஆன்டிபயாடிக்கை. சந்தேகப்படும் பெயர்களை வட்டமிட்டு வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. வலி மாத்திரையால் மலம் இறுகிக் கீழே அடைத்துக்கொள்ளும். அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வரும். பார்ப்பவர்களுக்குப் பேதி போலவே இருக்கும், உண்மையில் அது கடுமையான மலச்சிக்கல். படுக்கையிலேயே இருக்கும் வயதானவர்களுக்கு இது அதிகம். பல நாளாகச் சரியாகப் போகாமல் இருந்து, திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இவர்களுக்கு நிறுத்து மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். டாக்டரோ நர்ஸோ கையுறை போட்டு ஒரு முறை பரிசோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

4. ஆன்டிபயாடிக் எடுத்தவர் என்றால் மலப் பரிசோதனை முதலில்

“வீட்டுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் தரவில்லை” என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பல அறுவை சிகிச்சைகளில் மயக்க மருந்துக்கு முன்பே தொற்றைத் தடுக்க ஒரு ஊசி போட்டிருப்பார்கள். அந்த ஒரு ஊசியும் கணக்கில் சேரும். குடலிலுள்ள நல்ல கிருமிகள் குறையும்போது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி, நச்சை வெளியிட்டுக் குடலைப் புண்ணாக்கும். கிளிண்டமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றுக்குப் பிறகு இந்த ஆபத்து அதிகம். மருந்து நின்று இரண்டு மூன்று மாதம் வரைகூட இது வரலாம்.

இந்தத் தொற்றில் குடலின் அசைவை மாத்திரையால் கட்டிப்போட்டால் நச்சு உள்ளேயே தங்கும். பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு வீங்கிப்போகலாம். ஆகவே பரிசோதனை முடிவு வரும் வரை நிறுத்து மாத்திரை வேண்டாம். தொற்று உறுதியானால் அதற்குத் தனி மருந்து இருக்கிறது: வாயால் கொடுக்கும் வான்கோமைசின் அல்லது ஃபிடாக்சோமைசின்.

செலவிலும் நேரத்திலும் ஏமாறும் இடம் இது. சாதாரண மலப் பரிசோதனையில் இந்தக் கிருமி தெரியாது. சீட்டில் “சி. டிஃபிசில் நச்சுப் பரிசோதனை” என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டி, காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து மாதிரி கொடுக்க வேண்டிவரும். மாதிரி தளர்வாக இருக்க வேண்டும், கெட்டியான மலத்தை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும். சிறுநீர் கலக்காமல், அவர்கள் கொடுக்கும் டப்பாவில் எடுத்து, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேருங்கள். நச்சுப் பரிசோதனை முடிவு பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வந்துவிடும். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) என்றால் கூடுதலாகச் சில நாள் ஆகும்.

முடிவு வரும் வரை பார்த்துக்கொள்பவர்கள் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. கழிப்பறையைத் துடைக்க பிளீச்சிங் கரைசல் பயன்படுத்துங்கள்.

5. மாத்திரைக்கு முன் நீரும் உப்பும்

பேதியில் உடனடி ஆபத்து நீரும் உப்பும் இழப்பதுதான். நிறுத்து மாத்திரை போன நீரை ஈடுகட்டாது. ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் வாங்கி வையுங்கள், இந்தப் பட்டியலிலேயே மலிவான பொருள் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவை ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஆனால் சிறிய பாக்கெட்டுகளும் விற்கிறார்கள், அதனால் உறையில் போட்டிருக்கும் அளவைப் படித்து அத்தனை தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கண்ணளவில் கலக்கினால் உப்பு கூடிப்போகும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல், சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள்.

சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர்கள் வெறும் தண்ணீரை அதிகமாகக் குடித்தால் பை இன்னும் வேகமாக நிரம்பும், உடம்பிலிருந்து உப்பு மேலும் இறங்கும். தாகம் எடுக்க எடுக்க வெறும் தண்ணீர் கொடுத்து நோயாளி இன்னும் சோர்ந்துபோவது இதனால்தான். இவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு, உப்புக் கரைசல் எவ்வளவு என்று குழு தனியாக எழுதித் தர வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் அளவைக் கேட்டே குடிக்க வேண்டும்.

6. போன் செய்யும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை, நீங்கள் எழுதிய தாள். அறுவை சிகிச்சைக் குறிப்பு டிஸ்சார்ஜின்போது தானாகக் கைக்கு வருவதில்லை, கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். என்ன எடுத்தார்கள், எங்கே இணைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். பேதியின் காரணமும் பல நேரம் அதிலேயே இருக்கிறது.

பித்தப்பை எடுத்தவர்களுக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியவர்களுக்கும் பித்த அமிலம் பெருங்குடலுக்குள் இறங்கிப் பேதியாகலாம். அதற்கு கொலஸ்டிரமின் என்ற தூள் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வியர்வை, படபடப்போடு பேதி வரும். அங்கே உணவு முறையை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். முழங்கால், இதயம் போன்ற அறுவை சிகிச்சைகள் என்றால் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் படிகளில்தான் விடை இருக்கும்.

போனில் இப்படிச் சொல்லுங்கள்: “இன்ன தேதியில் இன்ன அறுவை சிகிச்சை. நேற்று காலையிலிருந்து இத்தனை முறை, தண்ணீர் போல. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, வயிறு உப்பவில்லை, வாயு பிரிகிறது. எடுக்கும் மருந்துகள் இவை. லோபரமைடு கொடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை நாள்?” கடைசிக் கேள்வியின் மூன்று பகுதிக்கும் பதில் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் தாளில் எழுதுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பேதியின்போது ரத்தம் கூடுதலாக நீர்த்துப்போகலாம், ஐ.என்.ஆர். பரிசோதனையை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) முன்கூட்டியே செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின், லித்தியம் ஆகியவை உடம்பில் நீர் வற்றிய நிலையில் சிக்கல் தரும். தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள்.

7. எந்த மருந்து?

கடையில் ‘பேதி மாத்திரை’ என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். மூலப்பெயரைச் சொல்லியே வாங்குங்கள்.

லோபரமைடு குடலின் அசைவைத் தாமதமாக்கி, நீரை உறிஞ்ச நேரம் கொடுக்கிறது. தொற்றும் அடைப்பும் இல்லை என்று உறுதியானால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். வலிக்கு ஓபியாய்டு வகை (டிராமடால், மார்பின் போன்ற) மாத்திரை எடுப்பவர்களுக்குக் குடல் இரட்டிப்பாக மந்தமாகும் என்பதால் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

டைஃபினாக்சிலேட்டும் அட்ரோபினும் கலந்த மாத்திரையை நான் முதல் தேர்வாகக் கேட்கவே மாட்டேன். மயக்கம் தரும், வாய் உலரும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்த புதிதில் சிறுநீர் கட்டுவது பெரிய தொல்லை. குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும் ஆகாது.

ரேசெகாடோட்ரில் சில நாடுகளில் கிடைக்கிறது. குடல் அசைவைக் கட்டாமல், குடலுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கும். எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து உண்டு.

பிஸ்மத் சப்சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும். மலத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பதால், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போகும்.

8. லோபரமைடு கொடுக்கச் சொன்னால்

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: முதலில் 4 மி.கி., அதாவது 2 மி.கி. மாத்திரை இரண்டு. அதன் பிறகு ஒவ்வொரு முறை தளர்வாகப் போன பின்பும் ஒன்று. அமெரிக்க விதிப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும்போது ஒரு நாளைக்கு 8 மி.கி. தான் உச்சவரம்பு. டாக்டர் மேற்பார்வையில் 16 மி.கி. வரை போகலாம். உங்கள் டாக்டர் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் சொன்னதே அளவு.

உச்சவரம்பை மீறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. சில மருந்துகளோடு சேரும்போது இந்த ஆபத்து கூடுகிறது: அமியோடரோன், சோட்டலால், கிளாரித்ரோமைசின், மாக்சிஃபிளாக்சசின், இட்ராகொனசோல், ரிட்டோனாவிர். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் பலர் கையில் அது இருக்கும். பேதியால் பொட்டாசியம் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கல்லீரல் பழுதடைந்தவர்களுக்கு மருந்து உடம்பில் அதிகமாகத் தங்கும்.

மாத்திரை போட்டதும் அடுத்த நிமிடமே பேதி நிற்காது, சில மணி நேரம் கொடுங்கள். “இன்னும் நிற்கவில்லையே” என்று பதற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதில்தான் அளவு மீறிப்போகிறது. இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் தாளில் எழுதாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிரப் வடிவம் என்றால் பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு வேறுபடும், மில்லியை வைத்துக் கணக்கிடாமல் மில்லிகிராமை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஸ்டோமா உள்ளவர்களுக்கு முறையே வேறு. போன பிறகு கொடுப்பதில்லை, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு வேளை தவறாமல் கொடுப்பார்கள். அளவும் நிபுணர் சொல்லி அதிகமாக இருக்கலாம். அப்படி ஒருவருக்கு எழுதிய அளவைப் பார்த்து உங்கள் வீட்டு நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். பையில் மாத்திரை முழுசாக வந்து விழுந்தால் அதையும் குழுவிடம் சொல்லுங்கள், வேறு வடிவத்துக்கு மாற்றித் தருவார்கள்.

9. எப்போது நிறுத்த வேண்டும்

மலம் கெட்டியானால், அல்லது 12 மணி நேரமாகப் போகவே இல்லையென்றால் நிறுத்துங்கள். சீட்டில் ஐந்து நாள் என்று எழுதியிருப்பதால் மிச்சத்தையும் முடிக்க வேண்டும் என்பதில்லை, இது ஆன்டிபயாடிக் அல்ல. (ஸ்டோமாவுக்காக வேளைக்கு வேளை எடுப்பவர்கள் இதில் சேர மாட்டார்கள்.) 48 மணி நேரத்தில் குறையவில்லை என்றாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்ப ஆரம்பித்தால், வாயு பிரிவது நின்றால், வாந்தி வந்தால், மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

பேதி நின்ற பிறகு ஓரிரு நாள் போகாமல் இருப்பது சகஜம். பயந்துபோய்ப் பழைய மலமிளக்கியைத் தானாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், அதை எப்போது தொடங்குவது என்று மறுபரிசோதனையில் கேளுங்கள்.

மாத்திரை, பரிசோதனை, போக்குவரத்து என்று எல்லா ரசீதையும் தேதி வாரியாக வையுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கும் பணம் தரும் மருத்துவக் காப்பீடுகள் உண்டு. அவை டாக்டர் சீட்டோடு சேர்ந்த ரசீதைத்தான் ஏற்கும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைப் பாலிசியில் பாருங்கள். மிச்சமான மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், டைஃபினாக்சிலேட் கலந்த மாத்திரைகள் சிலவே சிறு குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். நீங்கள் எழுதிய அந்தத் தாளின் நகலை மறுபரிசோதனைக்குக் கொண்டுபோய், நோயாளியின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.